புதன்கிழமைப் போர்வை

இல்லை ரிஸ்னா மகள், பிழை உங்களில இல்லை. மூதூரில புருஷன் பிள்ளையளோட இருந்துகொண்டு, கிண்ணியாவில இருக்கிற உம்மான்ர கண்ணை எப்பிடிப் பாக்க ஏலும்? அழாதேங்கோ. பிளேன்ரீயைக் குடியுங்கோ, ஆறப்போகுது.

ஓம், வலது கண் இனிச் சரிவராதெண்டு டொக்டர் சொன்னதை உங்கட உம்மா லைலாவே போனில சொன்னவ. மூண்டு தரம் கண் கிளினிக்குக்குப் போகாமல் விட்டுட்டாவாமோ? ஆருக்கோ போர்வை தைச்சுக் குடுக்கக் கிடந்ததாம், ஆரெண்டு கேட்டா வாயே திறக்கிறா இல்லையாம். அருள்மலர் அன்ரிக்குத் தெரியாமல் இராது எண்டு என்னட்ட வந்திருக்கிறீங்கள். சரிதானே. அவவும் நானும் பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்தனாங்கள்.

உதோ? உது எங்கட கட்டில் போர்வை. பழந்துணித் துண்டுகள்தான். இந்த நீலக்கோடு என்ர மனுசன் ஹெக்டர்ர சேர்ட், துறைமுகத்து வேலைக்குப் போட்டுக் கிழிச்சது. இது மகன் டிலுக்ஷன் சேர்ச்சில முதல்நன்மைக்குப் போட்ட வெள்ளை. ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து, சாப்பிட்டுப்போட்டு, நாலு பேரும் இதில குறுக்கும் மறுக்குமாக் கிடப்பம். இது என்ர துண்டு, அது உன்ர எண்டு பிள்ளையள் சண்டை பிடிக்குங்கள். ஹெக்டர் தையலைத் தடவிப்போட்டு, உன்ர கை கைதானப்பா எண்டுவார். அப்ப எனக்கு முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியாது.

ஏனோ? சொல்லுறன், இருங்கோ.

நீங்களும் குடும்பம் நடத்துற ஆள்தானே. சும்மா இருக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு எந்தப் பொம்பிளை வீட்டை விட்டு வெளிக்கிடுறது? பாயில விழுந்த மாமி, பிள்ளையள் ரெண்டு, குசினி. எனக்கு மாசத்தில ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒருத்தரும் அம்மா எண்டு கூப்பிடாத இடத்தில இருக்கோணும் போல கிடந்தது. லைலாட்டத் தையல் பழகப் போறன் எண்டு சொன்னன். ஹெக்டர்ர தங்கச்சி மாசத்தில ஒரு புதன்கிழமை வந்து மாமியைப் பாப்பா, நான் கிண்ணியாப் பாலத்தால பஸ்ஸில போயிடுவன். ஆனா பழகப் போனவள் ஏதும் கொண்டுவந்து காட்டோணுமெல்லோ?

ஊசி பிடிச்சனான், ஒருக்கா. விரலில குத்திப்போட்டுது. லைலா சிரிச்சுப்போட்டு, நீ போய்ப் படு அருள், நான் தைக்கிறன் எண்டவ.

ஓம் மகள். அந்த ஆள் நான்தான்.

முதல் போர்வையோட விட்டிருக்கலாம். மச்சாள் கண்டுபோட்டுத் தனக்கும் கேட்டா. பிறகு அவவின்ர மகள் கீர்த்தனியின்ர கலியாணத்துக்கு ஒண்டு. ஏலாதெண்டு சொன்னா என்ர புதன்கிழமை போயிடுமே! பழஞ்சட்டையளை வெட்டிப் பையில போட்டுக்கொண்டுபோய்க் குடுப்பன், உம்மா அந்த மாசம் முழுக்க இருந்து தைப்பா. போன நோன்புக்கு நூலைக் கோக்க ஏலாமல் கஷ்டப்பட்டவ. நோன்போட நூல் நுனியை வாயில வைக்கமாட்டாவே, கண்ணும் மங்கல். நான் போன உடன இருபது ஊசி கோத்துத் துணியில குத்தி வைச்சிட்டுத்தான் படுப்பன். உதவி செய்யிறன் எண்டு எனக்கு நினைப்பு. வெக்கங்கெட்டவள்.

ஏசுங்கோ மகள்.

கிளினிக்கும் புதன்கிழமை எண்டு உம்மா என்னட்ட ஒருநாளும் சொல்லேல்ல, அது உண்மை. ஆனா ஒரு புதன்கிழமை அவவின்ர கட்டிலில படுக்கேக்க தலகணிக்குக் கீழ என்னவோ முட்டினது. எடுத்துப் பாத்தனான். கிளினிக் கொப்பி, அண்டையத் திகதி போட்டுக் கிடந்தது. அவ முன்னறையில தைச்சுக்கொண்டிருந்தவ. கொப்பியைத் திரும்ப அங்கேயே வைச்சிட்டு, மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தனான். பின்னேரம் வரைக்கும் நல்ல நித்திரை.