திகன லைனில் மின்சாரம் வந்த வழி

கறுப்பையா ஜெயராஜ் ஆகிய எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பிலிமத்தலாவையில் வசிக்கிறேன். மின் லைன் வேலை செய்யும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக லைன்மேன்.

கடந்த வியாழக்கிழமை காலை திகனயில் பழைய கம்பியை மாற்ற நானும் என்னோடு வேலை செய்யும் ரிஸ்கானும் போனோம். டிரான்ஸ்போமரில் மூன்று ஃபியூசையும் கழற்றி, வேறு எவரும் திரும்பப் போடாதபடி வழக்கம்போல் என் பையில் வைத்துக்கொண்டேன். அதன்பின் டெஸ்டரால் பார்த்ததில் கம்பியில் மின்சாரம் இல்லை. தப்பித் தவறி மின்சாரம் வந்தாலும் ஆளைத் தாக்காமல் கம்பியை நிலத்தோடு இணைக்கும் எர்த் வயர் வேறு லொறியில் போயிருந்தது. அது வரட்டும் என்றான் ரிஸ்கான். "ஃபியூசு மூனும் எங்கிட்ட இருக்கு, பெறகு கரண்டு எங்கேருந்துப்பா வரும்? ஏறு" என்றேன். சொன்னவன் நான்தான், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அதன்பின் பத்து நிமிடத்தில் அவன் அலறினான். கை விடுபட்டு இடுப்பு வாரில் தொங்கியவனை ஊர் ஆட்களோடு இறக்கி வேனில் அனுப்பிவிட்டு, அந்தத் தெருவைப் பார்த்தேன். எல்லாக் கடையிலும் மின்விசிறி நின்றிருக்க, இல்ஹாமின் கோழிக் கடையில் மட்டும் பிரிட்ஜ் ஓடியது. கேட்டதற்கு, "எங்கட சோலார் தானே அண்ணே, கரண்ட் போனாலும் ஓடுற மாதிரி சுவிட்ச் ஒண்டு பூட்டியிருக்கேன்" என்று சுவரில் ஒரு பெட்டியைக் காட்டினார். லைன் நின்றால் கூரைச் சோலாரும் தானாக நிற்க வேண்டும். நான் டெஸ்டரால் பார்த்த பிறகு அவர் அந்த சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும், அங்கிருந்துதான் மின்சாரம் எங்கள் கம்பிக்குத் திரும்பியது என்பது என் சந்தேகம். மறுநாள் போனபோது பெட்டி இல்லை, நான்கு ஆணித் துளைகள்தான் இருந்தன. எந்தப் பெட்டி என்று என்னையே கேட்டார்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிஸ்கானுக்கு இரண்டு கையும் விரல் நுனி முதல் முழங்கை வரை கட்டு. மனைவி நுஹா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை கம்பெனி மேலாளர் ரவிகுமார் என்னைக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை. அதன்பின் ஒரு கடிதத்தில் சாட்சிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். எர்த் வயர் வரும்வரை நிற்கச் சொல்லியும் கேளாமல் தானே ஏறியதாக ரிஸ்கான் ஒப்புக்கொண்ட கடிதம் அது. அது செல்லுபடியானால் அவனுக்கு நட்டஈடு கிடையாது. "ஒங்களுக்கும் நல்லதுதானே ஜெயராஜ்" என்றார். கீழே சனிக்கிழமைத் தேதியும், பேனாவால் அழகாகப் போட்ட ரிஸ்கானின் கையெழுத்தும் இருந்தன.

நான் கையெழுத்து வைக்கவில்லை. அதை யாருடைய கை போட்டது என்று விசாரிக்கும்படி கேட்கிறேன்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதுதான், என் பிழை உட்பட.

(ஒப்பம்) க. ஜெயராஜ்