எந்தத் தீவுக்குப் போவது

ஜப்பான்காரன் காலம். ரிங்லெட் என்ற மலையூருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அரிசிக்கு வரிசையில் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர்.

“சிங்கப்பூர்ல குழாயத் தொறந்தா தண்ணி வருதாம், சோறுதான் வரலயாம்,” என்றாள் இளையவள். “அங்க தங்கச்சி கூப்பிடுறா. பினாங்குலேருந்து அண்ணனும் வரச் சொல்றாரு.”

“பினாங்குக்கே போ லா. மீனாவது கெடைக்கும்,” என்றாள் அவளுக்கு முன்னால் நின்ற மூத்தவள்.

“மீன் இருக்குக்கா, துணி இல்ல. அண்ணி கோணிச்சாக்கைத்தான் கட்டிக்கிட்டிருக்காங்களாம்.”

“அப்ப எங்கதான் போவ?”

“எங்கயும் போகல. எங்க வீட்டுக்காரர சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிட்டாங்க. திரும்பி வந்தா இந்த லயத்து வீட்டுலதானே வந்து தேடுவாரு.”

மூத்தவள் ஒதுங்கி, அவளைத் தனக்கு முன்னால் நிற்கவைத்தாள்.