ஆற்றில் விடப் போன பலகை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் வயதான புருஷனும் பெண்சாதியும். இருவர் மடியிலும் வேட்டி சுற்றிய ஒரு பாதிப் பலகை.

“என்ன பெரியவரே, கதவ ஒடச்சுக் கொண்டாரீகளா?” என்றார் கண்டக்டர்.

“எம்மகன் கடல்ல அலை மேல ஏறி நின்ன பலகை, தம்பி. ஸ்பெயின்ல பாஸ்க்குங்கிற சீமையில வேலை பாத்தான். அலை பாறையில அடிச்சு, போய்ச் சேந்துட்டான். இத வீரபாண்டி ஆத்துல விடப் போறோம்.”

கண்டக்டர் வீரபாண்டிக்கு ரெண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

“ஆத்துல விட்டா மெதக்குமேங்க,” என்றாள் அந்த அம்மா.

“மெதக்கட்டும்த்தா.”

“அன்னைக்கும் இதுதேன் மெதந்துச்சு. எம்பிள்ளை மெதக்கலையே. அடியில பாறை கெடக்குன்னு அவனுக்குத் தெரியாதோ?”

“தெரியும். பாறை இருந்தாத்தேன் அலை அம்புட்டு ஒசரம் எந்திரிக்குமாம். அதுக்குத்தேன் அங்கன போவான்னு கூட்டாளிக சொன்னாக.”

“தெரிஞ்சேவா போனான்?”

வீரபாண்டி வந்தது. அவர் எழுந்தார். அந்த அம்மா பலகையை விடவில்லை. அவரும் உட்கார்ந்துவிட்டார்; பஸ் கிளம்பியது.

கடலுக்கடியில் பாறை இருந்தால் அலை உயருமா? அந்தச் சீமையின் பெயரை நான் சரியாகத்தான் கேட்டேனா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.