சீனியின் உரிமையாளர்

— இரண்டாயிரத்து இருபத்தைந்து மே பதினாலாம் திகதி, பூண்டுலோயா, கல்லுமேட்டுத் தோட்டம், கீழ் லயம். விசர்நாய்த் தடுப்பூசி போடப்பட்டது. நாயின் பெயர் சீனி. ஆண், கபில நிறம். உரிமையாளர், தோட்டத்துரை. கார்டுல இப்படித்தான் இருக்கு, லெட்சுமி அக்கா. சரியா?

— சரிதாங்க டொக்டரம்மா. சீனி தொரையோட நாய்தான்.

— அப்ப அடிபட்ட நாய் உங்க மடியில என்ன செய்யுது?

— அது வந்துங்க... ஏங்க, வாயத் தொறந்து நீங்க சொல்லுங்களேன்.

— என்னைய ஏன்டி இழுக்குற? பொய் சொன்னது நீ. நான் அன்னிக்கே வேணாம்னேன்.

— தொழிலாளிங்க லயத்து வீட்டுல நாய் வச்சிருந்தா புடிச்சுக் கொண்டு போயிருவோம்னு தோட்டத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க டொக்டரம்மா. மறுநாளே ஊசி போட வந்தவங்க, நாய் யாருதுன்னு கேக்குறாங்க. பக்கத்துல கணக்கப்புள்ள நோட்டும் பேனாவுமா நிக்கிறாரு. தொரையோடதுன்னு சொல்லிப்புட்டேன்.

— இவ சொன்னதக் கேட்டு, பின்னால வரிசையில நின்னவங்களும் அதையே சொல்லிட்டாங்க.

— எத்தன பேர், ஆண்டியப்பன் அண்ணே?

— பேரு கெடக்கட்டும். நாயி இருபத்து மூணு.

— இருபத்து மூணு நாயும் துரைக்கா!

— ஊசி போட்ட நாய்ங்க பட்டியல தொரை படிக்காமயே கையெழுத்துப் போட்டுட்டாரு. மிருகங்க மேல பாசக்காரர்னு சர்டிபிகேட் வேற வந்துச்சு. ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்காரு.

— சீனிய அடிச்சது யார்ட வண்டி?

— தொரை ஜீப்பு.

— தன்ட நாய் மேலயே ஏத்திட்டாரா?

— தன் நாயின்னு அவருக்குத் தெரியாதுங்களே.

— சரி, கேளுங்க. இடுப்பு மூட்டு கழண்டிருக்கு. ரெண்டு தரம் உள்ளே தள்ளிப் பாத்தேன், நிக்கல்ல. எலும்போட உருண்ட முனைய வெட்டி எடுத்தா, சதையே காலத் தாங்கும். ஒரு வயசு நாய், நல்லா ஓடும். அப்படியே விட்டா ஆயுசுக்கும் மூணு கால், வலி வேற. நாளைக்கே செய்யலாம். உரிமையாளர் கையெழுத்து வேணும், சரியா?

— நாய் எங்களதுன்னு இப்ப எழுதிக் குடுத்தா என்னாங்க ஆகும்?

— எழுதுனா நோட்டீஸ்படி நாய் போயிரும், லெட்சுமி. எழுதலைன்னா காலு போயிரும். நான் அன்னிக்கே சொன்னேன்.

— எங்க சொன்னீங்க? நாய்க்குப் பின்னாலதானே ஒளிஞ்சு நின்னீங்க!

— சண்ட வேணாம். துரைக்கே கோல் எடுக்கிறேன்... ஹலோ சேர், நான் ஹப்ஸா, மிருக வைத்தியர். உங்கட நாய்க்கு ஒப்பரேசன் செய்யணும்... இல்ல சேர், உங்கடதான்... ஒண்ணில்ல, இருபத்து மூணு... பட்டியல்ல சேர்ட கையெழுத்து இருக்கே... இல்லைன்னு சொன்னா அந்த சர்டிபிகேட் பொய்யாகிருமே சேர்... ஆ... ஆ... சரி சேர்.

— என்னாங்க சொல்றாரு?

— கையெழுத்துப் போடுறாராம். ஆனா தன்ட நாய் லயத்துல கிடக்கக் கூடாதாம். ஒப்பரேசன் முடிஞ்சதும் பங்களாவுக்குக் கொண்டு போறாராம்.

— வேணாம்டி லெட்சுமி. மூணு காலோட நம்மகிட்டயே கெடக்கட்டும்.

— முனகுறது ஒங்களுக்குக் கேக்கலையாங்க? ... வெட்டிருங்க டொக்டரம்மா.

* * *

— என்னங்க, காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போனவரு அதுக்குள்ள திரும்பிட்டீங்க? வெட்டிப் பன்னெண்டு நாளாச்சே, சீனியப் பத்தி விசாரிச்சீங்களா?

— பாத்துட்டே வந்தேன். நாலு காலையும் ஊனுது. எனக்கு இனி மலையில வேல இல்ல. தொரை நாய காலையும் சாயந்தரமும் நடக்க வைக்கணுமாம். அதுக்கு ஒரு நாள் பேரு போடுறாங்க.

— ஆத்தாடி! நம்ம நாய நடக்க வைக்க நமக்கே சம்பளமா? இருங்க, நானும் வர்றேன். ரொட்டி சுட்டு வச்சிருக்கேன்.

— நீ வரக் கூடாது. தூரத்துல ஒன்னயக் கண்டாலே பாஞ்சு வரும், காலு கெட்டுரும்னு டொக்டரம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. பங்களா கேட்டுல ஒன் பேரப் போட்டு நோட்டீஸ் ஒட்டியாச்சு.

— தொரை கையெழுத்தா?

— ஆமா. இந்தத் தடவ படிச்சுட்டுத்தான் போட்டாரு.