சாதா பெட்ரோல்

சாதா பெட்ரோலே போதும் இன்ஸ்பெக்டர் சார். உங்க ஜீப்புக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். விலை கூடினதைப் போட்டா வண்டி பறக்கும்னு பங்க்குல சொல்வாங்க. பறக்காது. அந்த பெட்ரோலுக்குன்னே செஞ்ச இன்ஜினா இருந்தாத்தான் அதுக்கு வேலை. மத்த வண்டிக்கு ஊத்துறது, பசியில்லாதவனுக்குப் பரிமாறின மாதிரி.

ரீமேப்பும் அப்படித்தான். அதுதான் என் தொழில். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கும். அதுல லேப்டாப்பைச் சொருகி, இன்ஜினுக்கு எப்போ எவ்வளவு பெட்ரோல்னு உத்தரவு போடற புரோகிராமை மாத்தி எழுதுறது. டர்போ வண்டின்னா இழுவை நல்லாவே கூடும். சாதாரண வண்டிக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்காது. இதைச் சொல்லியே வர்றவங்கள்ல பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். என் ஷெட்டுல பொய் கிடையாது, யார்கிட்ட வேணா விசாரிங்க. என் பையன்கிட்ட மட்டும்தான் பொய் சொன்னேன்.

அவனோடது டர்போ. கல்யாணமான புதுசுல வாங்கினான். வாங்கின கையோட ஓட்டிட்டு வந்து, "அப்பா, உங்க கைவரிசையைக் காட்டுங்க"ன்னான். காட்டினேன். சொந்தப் பிள்ளை வண்டியாச்சேன்னு கொஞ்சம் ஆசைப்பட்டு ஏத்திவிட்டேன். நான் வெச்சது விலை கூடின பெட்ரோலுக்கான அளவு. அதைச் சொல்ல மறந்துட்டேன். அவன் சாதாவைப் போட்டு ஓட்டியிருக்கான். இன்ஜின் உள்ளுக்குள்ள டக்டக்குன்னு தட்ட ஆரம்பிச்சு, தன்னைக் காப்பாத்திக்கறதுக்காக சக்தியைக் குறைச்சுக்கிச்சு. அப்படி ஒரு ஏற்பாடு இந்தக் காலத்து வண்டியில உண்டு. ஆபத்துன்னு தோணினா ஆமை மாதிரி நகரும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும், அழுத்தி மிதிச்சா மறுபடி வரும்.

புருஷனும் பொண்டாட்டியுமா அடிச்சுப் பிடிச்சு வந்தாங்க. அவங்க இருக்கிற ஊர் அரை நாள் தூரம், அதனால தங்கிட்டாங்க. அவன் அம்மா போனதுக்கப்புறம் என் வீட்டுல ஒண்ணுக்கு மேல தட்டு கழுவினது அன்னைக்குத்தான். மருமக என் அடுப்படியைப் பார்த்துட்டு, "மாமா, இந்த வாணலிக்கு ஓய்வு குடுத்துடுங்க, பாவம்"னா. நான் சிரிச்சே எவ்வளவு காலம் ஆச்சோ. அவன் குறட்டை விடுவான்கிறதும் எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அந்த புரோகிராமைச் சரி பண்ணிக் குடுத்தேன். வண்டி நல்லா ஓடிச்சு. அவங்க அப்புறம் வரவே இல்ல.

போன் பண்ணுவான். "வேலைப்பா, அடுத்த மாசம் பார்க்கலாம்பா." தப்பு சொல்லல, பிள்ளைங்களுக்கு ஆயிரம் ஜோலி. மழைக்காலம் போச்சு, வெயில் காலமும் போச்சு. ஒரு நாள் எங்கேயோ போற வழியில எட்டிப் பார்த்தான். டீயைக்கூட நின்னுட்டேதான் குடிச்சான். அவன் டீ குடிக்கிற நேரத்துக்குள்ள நான் லேப்டாப்பைச் சொருகினேன். என்னப்பான்னான். சும்மா செக் பண்றேன்னேன்.

சின்ன வேலைதான் சார். இங்கேயிருந்து போய் இவ்வளவு தூரம் ஓடினப்புறம் ஆக்ஸிலேட்டரை ஒரேயடியா மிதிச்சா, அந்த ஆமை ஏற்பாடு தானா வந்து விழணும். அவ்வளவுதான். ப்ரேக்ல கை வெச்சேனா, ஸ்டியரிங்ல வெச்சேனா? மெதுவாப் போற வண்டியால யாருக்கு என்ன கெடுதல் வந்துடப் போகுது?

வந்தாங்க. பெட்ரோல் சரியில்லப்பா, விலை கூடினதையே போடு, அப்பப்ப எங்கிட்ட கொண்டு வந்து காட்டுன்னு சொன்னேன். நம்பினான். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் தூரத்தைப் புதுசா வெச்சு அனுப்புவேன், அது தீர்ந்ததும் வருவாங்க. வர்ற அன்னைக்கு ஷெட்டைப் பூட்டிட்டுக் காய்கறி வாங்கப் போவேன். "என்ன, வீட்டுல விசேஷமா?"ம்பார் கடைக்காரர். "பையன் வண்டி மக்கர் பண்ணுது"ன்னு வாயெல்லாம் பல்லாச் சொல்வேன். அவருக்கு ஒண்ணும் புரியாது.

கடைசியா வந்தப்ப, அவன் குளிக்கப் போயிருந்தான். மருமக ஷெட்டு வாசல்ல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டு, நான் லேப்டாப்பை மூடறதையே பார்த்துட்டு இருந்தா.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"நாங்க உங்களைப் பார்க்க வராம இருந்தாத்தான் இந்த வண்டி படுத்துது."

நான் வயரைச் சுத்திட்டே இருந்தேன்.

"அவர்கிட்ட சொல்ல மாட்டேன் மாமா. இனிமே மாசம் பொறந்தா முதல் ஞாயித்துக்கிழமை நாங்க இங்க இருப்போம். வண்டிக்காக இல்ல. நானே அவரைக் கூட்டிட்டு வர்றேன். நீங்க அதை மட்டும் எடுத்துடுங்க."

எடுத்துடறேம்மான்னு தலையாட்டினேன். அவ உள்ள போய் எனக்கு டீ போட்டு எடுத்துட்டு வந்தா. அதைப் பத்தி அப்புறம் ஒரு வார்த்தை பேசல.

நல்ல பொண்ணு சார். சொன்னாச் செய்வா. ஆனா என் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. பெத்த பிள்ளையே அடுத்த மாசம், அடுத்த மாசம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கான். மனுஷங்க பேச்சு மறந்துபோகும். அவங்க கிளம்பறதுக்கு முன்னாடி மறுபடி சொருகினேன். எடுக்கல. தூரத்தைப் பாதியாக் குறைச்சு வெச்சேன்.

சொன்ன ஞாயித்துக்கிழமை, சொன்ன மாதிரியே கிளம்பியிருக்கா. அவதான் ஓட்டினா. நான் வெச்ச தூரம் அந்த ரோட்டுலதான் தீர்ந்திருக்கு. லாரியை முந்தறதுக்கு வெளிய எடுத்து மிதிச்சிருக்கா. எதிர்ல பஸ். மிதிச்சா வண்டி போகும்னு நம்பித்தானே சார் யாரும் வெளிய எடுப்பாங்க. நான் சமைச்சு மூடி வெச்சுட்டு வாசலையே பார்த்துட்டு இருந்தேன்.

அவ அங்கேயே போயிட்டா. இவனுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சுது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரா என் வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்.

இப்போ அவன் பேச்சே குறைஞ்சுபோச்சு. பேசினாலும் ஒண்ணேதான். "பங்க்குல விலை கூடினது தீர்ந்துபோச்சுன்னாங்கப்பா. நீங்க அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் நான்தான் சாதாவையே போடச் சொன்னேன். ஒண்ணும் ஆகாது, மாமா சரி பண்ணிட்டார்னு அவளும் சொன்னா. நான்தாம்பா அவளைக் கொன்னுட்டேன்."

அதைக் கேட்கறப்பல்லாம் சார், பெட்ரோல்ல ஒண்ணும் இல்லடான்னு வாய் வரைக்கும் வரும். சொன்னா, அப்புறம் எதுலன்னு கேட்பானே. தலையைத் தடவிக் குடுத்து, விடுப்பா, இனி பேசி என்ன ஆகப் போகுதுன்னுதான் சொல்றேன்.

அந்த வண்டியிலிருந்து நீங்க கழட்டி வெச்சிருக்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டியில இருக்கிறது எல்லாம் நான் எழுதினதுதான். வேற யாருக்கும் சம்பந்தமில்ல. எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லுங்க, போடறேன். அவன்கிட்ட மட்டும் சொல்ல வேணாம். பெட்ரோல்னே நினைச்சுட்டு இருக்கட்டும், போகப் போக மனசு ஆறிடும், நான் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறேன். முன்ன மாதிரி இல்ல சார், இப்போ நல்லா ஒட்டிக்கிட்டான். வேலை, ஊருன்னு ஒரு வார்த்தை வாயில வர்றதில்ல. நான் போய் ஊட்டினாத்தான் சாப்பிடுவான். இது முடிய ரொம்ப நேரம் ஆகுமா?