ஜெபத்துக்கு ஒண்ணை அழுத்தணும்

அடிவாரத்தில் கிளம்பிய பஸ் பாதி மலையில் மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தது. முன்சீட்டில் எஸ்டேட்டுக்குப் போகும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டிவில ஜெபம் பண்றாரே, அவருக்குப் போன் போட்டேனுங்க. ஜெபத்துக்கு ஒண்ணு, காணிக்கைக்கு ரெண்டு அழுத்தச் சொல்லுச்சு."

"ஏனுங்கக்கா, கம்பெனியாட்டல்ல இருக்குது! அவரே பேசுனாருங்களா?"

"இல்லீங்க, சம்பளத்துக்கு இருக்கற புள்ள. எம்மவ ஆப்பரேசனுக்கு ஜெபம் பண்ணிட்டுக் காணிக்கை கேட்டுச்சு. இல்லீன்னேன். அப்பறம், 'அக்கா, இந்த மாசம் டார்கெட் முடியல, வேலை போயிரும். எனக்காக ஜெபம் பண்ணுவீங்களா?'ன்னுச்சு."

"பண்ணுனீங்களா?"

"எனக்கு ஜெபமெல்லாம் தெரியாதுங்களே. அந்தப் புள்ள பேரைக் கேட்டுக்கிட்டேன். சேர்வராயன் கோயில்ல அர்ச்சனைக்கு எம்மவ பேருக்கு முன்னால அதைத்தான் சொன்னேன்."