யார் தொண்டையில் இல்லை கிருமி?

கஹவத்தைக் கடைத்தெருவின் கண்ணியமாய் விளங்கும் சபைத் தலைவர் முக்தார் ஹாஜியார் அவர்களே! தலைவரின் வலப்பக்கத்தில் தீர்மானத்தை மடியில் கட்டிக்கொண்டு வீற்றிருக்கும் மக்கீன் முதலாளி அவர்களே! மார்க்கம் அறிந்த பெரியோர்களே! மழைக்கு ஒதுங்கினாலும் மன்றத்தை மறவாத வாலிபர்களே! தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து நனைந்துகொண்டே வந்து, உள்ளே வராமல் தாழ்வாரத்தில் நிற்கும் தோழர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களும் தள்ளி உட்கார்ந்துகொண்டதால் மூலையில் ஒற்றை நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்கள் ரஹ்மா டீச்சர் அவர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக.

புடவைக்கடை நுஹ்மானாகிய எனக்குப் பேச்சென்றால் தாகம் முன்னே வரும், தமிழ் பின்னே வரும். ஆகவே முதலில் ஒரு மிடறு தண்ணீர். ஆஹா! என்ன தம்பி, சிரட்டையில் குடிக்கிறேனென்று சிரிக்கிறீர்? மேடைக்குக் கண்ணாடிக் கிளாஸ் வந்து சேரவில்லை, சிரட்டை வந்து சேர்ந்தது. ஹாஜியார் அவர்களும் சற்றுமுன் இதில்தான் தாகம் தீர்த்தார்கள். தண்ணீர் இனிக்கிறதா, ஹாஜியார்? இனிக்கிறதாம், தலையசைக்கிறார்கள்.

சபையோரே! இன்று நாம் கூடியிருப்பது எதற்காக? நம் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வரும் ரஹ்மா டீச்சருக்கு இழுப்பு நோய் இருக்கிறது. அவர் தொண்டையில் கிருமி இருப்பதை டாக்டர் கண்டுவிட்டார். ஆகவே அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கவேண்டும். இதுதான் மக்கீன் முதலாளியின் தீர்மானம். இதற்குக் கை தூக்கவே நம்மை அழைத்திருக்கிறார்கள். அரிசிக் கடையில் கல் கலந்தபோது இந்தச் சபை கூடியதா? பாலம் உடைந்து பள்ளத்தில் கிடந்தபோது கூடியதா? கூடவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு கிருமி வந்தது, கடைத்தெருவே கதவைப் பூட்டிக்கொண்டு கூடிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நமக்கோ வெளிச்சம் போட்டுக் காட்டியதும் பேயாகிவிட்டது.

இந்தக் கிருமிக் கதை பிறந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். இழுப்புக்காரர்களின் தொண்டையைப் பரிசோதிப்பது அவர் நோக்கம். குச்சியில் பஞ்சு சுற்றுவார், தொண்டைக்குள் விட்டுத் தடவுவார், அதைக் கண்ணாடித் தட்டில் தேய்த்து வளரவைப்பார், வளர்ந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். நல்ல மனிதர், நல்ல படிப்பு. ஆனால் நம் பக்கத்து மழையைப் பற்றி அந்தப் படிப்பில் ஒரு வரிகூட இல்லை!

அன்று காலை மழையென்றால் மழை, வானத்தை யாரோ கவிழ்த்துவிட்ட மழை. மலையிலே அட்டைகள் விருந்துக்குக் காத்திருந்தன. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் முற்றத்தில், வேலுசாமி கங்காணி வந்து நின்றார். "இழுப்பு இருக்கவங்கல்லாம் பேக்டரி பக்கம் போயி நில்லுங்க! டாக்டரய்யா பாக்கப் போறாரு. அவங்களுக்கு இன்னிக்கு மலை வேலை கெடையாது!" என்று குரல் கொடுத்தார்.

அவ்வளவுதான்! கேட்டவர் மூச்செல்லாம் இழுத்தது. நேற்றுவரை மலையேறி மலையிறங்கிய மார்பெல்லாம் மத்தளமாகியது. ஒருவர் 'கர்' என்றார், ஒருவர் 'புர்' என்றார், ஒருவர் இழுப்புக்கும் விக்கலுக்கும் வித்தியாசம் தெரியாமல் விக்கிக்கொண்டே வரிசையில் சேர்ந்தார். அடே அப்பா, ஒரே காலையில் ஒரு தோட்டத்துக்கே இழுப்பு! தாழ்வாரத்துத் தோழர்களே, தலை குனியாதீர்கள். அந்த மழையில், அந்த மலையில், அந்த அட்டைகளுக்கு நடுவே என்னை ஏறச் சொல்லியிருந்தால் உங்கள் எல்லோருக்கும் முன்னால் நான் இழுத்திருப்பேன்.

உண்மையிலேயே இழுப்புள்ளவர் இருளப்பன். பேக்டரியில் தேயிலை சலிக்கிற அறையில், தூசுக்கு நடுவே வேலை செய்கிறவர். அவர் மூச்சுவாங்க மெல்ல நடந்து வருவதற்குள் வரிசை நீண்டு, அவர் வாலில் நின்றார். மருந்து ஏதாவது கிடைக்குமென்று நம்பி நம் ரஹ்மா டீச்சரும் போயிருந்தார். பாவம், அவருக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. அந்த இடமே வினையாகிவிட்டது.

டாக்டர் முதல் தட்டுகளைப் பார்த்தார். "இழுப்புக்காரர் தொண்டைகளில் கிருமிகள் நிறைந்திருக்கின்றன" என்று தம் உதவியாளரிடம் சொன்னார். உதவியாளர் கிளாக்கரய்யாவிடம் சொன்னார். கிளாக்கரய்யா பஸ்காரரிடம் சொன்னார். பஸ் கஹவத்தையில் வந்து நின்றபோது கிருமிதான் முதலில் இறங்கியது! 'தொண்டையில் கிருமியாம்' என்றது ஒரு கடை. 'தொட்டால் ஒட்டுமாம்' என்றது மறு கடை. 'நிழல் பட்டாலே நெஞ்சு இழுக்குமாம்' என்றது மூன்றாம் கடை. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். லயத்தில் தண்ணீர் விழும் பீலிக்கரையில் இருளப்பன் குடத்தை வைக்கக்கூடாது என்றார்கள். யார் சொன்னார்கள்? மழைக்குப் பயந்து பொய்யாக இழுத்தார்களே, அவர்கள்தாம்! பொய் இழுப்பு மெய் இழுப்பைப் பீலியிலிருந்து விரட்டியது. சரி, அது தோட்டம். நாம் கடைத்தெரு, நாகரிகமானவர்கள், நாலு விஷயம் தெரிந்தவர்கள். நாம் என்ன செய்தோம்? பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி அடித்தோம். அந்த ஆணியில் ஒரு சிரட்டையைத் தொங்கவிட்டோம். "டீச்சர், இனிமேல் கிளாஸைத் தொடவேண்டாம், இதில் குடியுங்கள்" என்றோம்.

நான் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். வேலையைப் பற்றிக் கவலைப்படுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "தொழில் போனாலும் காரியமில்ல நுஹ்மான் நானா. என்ட பிள்ளைகள் என்னக் கண்டதும் முந்தானையால வாயப் பொத்துறாங்க. அதத்தான் தாங்கிக்க ஏலாம ஈக்கி." சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. இழுப்பினாலா, அழுகையினாலா என்று எனக்குத் தெரியவில்லை. சபையோரே! இந்தக் கடைத்தெருவில் தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த பெண்பிள்ளை ஒவ்வொன்றும் இந்த அம்மையின் கைபிடித்து எழுதிய பிள்ளை. மழைக்காலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லிக்கொடுத்த எழுத்து அது.

நேரே போய் பஸ் ஏறினேன். டாக்டர் நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். "டாக்டர் ஐயா, எங்கள் டீச்சர் தொண்டையில் கிருமி உண்டா?" என்று கேட்டேன். "உண்டு" என்றார். பிறகு அவர் சிரித்தார். "வரிசையில் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இழுப்பே கிடையாது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டதும் தெரிந்துவிட்டது. முதலில் கோபம் வந்தது. பிறகு அவர்கள் தட்டுகளையும் வளரவிட்டுப் பார்த்தேன். இழுப்பில்லாத தொண்டையிலும் கிருமிகள் இருக்கின்றன. சில வகை இழுப்புக்காரரிடம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. கிருமியால் இழுப்பு வந்ததா, இழுப்பால் கிருமி தங்கியதா என்று எனக்கு இன்னும் தெரியாது. இழுப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுகிற நோயல்ல. அதுமட்டும் நிச்சயம்."

பார்த்தீர்களா? படித்தவர் 'எனக்குத் தெரியாது' என்கிறார். படிக்காத நாம் ஆணி அடிக்கிறோம்! முதற்செய்தி பஸ்ஸில் பறந்து வந்தது. இந்த இரண்டாம் செய்தி மட்டும் ஏன் வரவில்லை? யாரையாவது பயமுறுத்துகிற செய்திக்குத்தான் நம் ஊர் டிக்கெட் கொடுக்கும். நிம்மதி தருகிற செய்தி நடந்துதான் வரவேண்டும். இன்று என் காலில் நடந்து வந்திருக்கிறது.

இன்னும் ஒரு சங்கதி. அன்று அந்த வரிசையில் நானும் நின்றேன். புடவை மூட்டையோடு போனவன், மழைக்கு ஒதுங்கப் போய் பஞ்சுக்குச்சியில் மாட்டிக்கொண்டேன். டாக்டர் என் தட்டையும் பார்த்திருக்கிறார். "உங்கள் தொண்டையிலும் டீச்சரிடம் கண்ட வகைகள்தாம், நன்றாக வளர்ந்திருக்கின்றன" என்றார். எனக்கு இழுப்பு உண்டா? இந்தக் குரலைக் கேட்டால் தெரியவில்லையா? ஐயோ, முன்வரிசைக்காரரே, ஏன் நாற்காலியை விட்டுப் பின்வரிசைக்குப் போகிறீர்கள்? நேற்றுத்தானே என் கடையில் என் வெற்றிலைத் தட்டில் கைவிட்டுப் போட்டுக்கொண்டு போனீர்கள்? உட்காருங்கள், உட்காருங்கள். பின்வரிசையிலும் கிருமி உண்டு.

என்ன முதலாளி, எழுந்துவிட்டீர்கள்? "அது உங்கட தொண்ட! என்ட தொண்ட சுத்தம்! எனக்கு ஒரு வருத்தமும், ஒரு நோயும் இல்ல!" என்கிறீர்கள். சரி. நீங்கள் வாயைத் திறந்தபடியால் நானும் திறக்கிறேன். அன்று பேக்டரி வாசலில் உங்களை நான் பார்க்கவில்லையா? உங்கள் தேநீர்க் கடைக்குத் தேயிலைத்தூள் எடுக்க வந்தீர்கள். வரிசையைக் கண்டீர்கள். சும்மா ஏதோ கொடுக்கிறார்கள் என்று நினைத்தீர்கள். பந்திக்கு முந்தும் கால் பரிசோதனைக்கும் முந்தியது! கங்காணி "மொதலாளி, இது இழுப்புக்காரங்க வரிசைங்க" என்றார். "எனக்கும் ஈக்கி, எனக்கும் ஈக்கி" என்று நீங்கள் வாயைப் பிளந்தீர்கள். தொண்டைக்கு இலவச மருந்து தடவுகிறார்கள் என்று எண்ணி, "டாக்டர், இன்னொருக்கா தடவுங்க" என்று கேட்டதும் நீங்கள்தானே? சிரிக்காதீர்கள் சபையோரே, முதலாளிக்கு வியர்க்கிறது.

உங்கள் தட்டைப் பற்றி டாக்டரிடம் நான் கேட்கவில்லை. அடுத்தவர் தொண்டைக் கணக்கு எனக்கெதற்கு? 'பார்த்த தட்டில் கிருமியில்லாத தட்டு ஒன்றுகூட இல்லை' என்று அவராகவே சொன்னார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். குடியுங்கள் முதலாளி, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். இந்தாருங்கள். மெதுவாக. பதற்றத்தில் சிரட்டையென்றுகூடப் பார்க்கவில்லை, முழுவதும் குடித்துவிட்டீர்கள். தாகம் தீர்ந்ததா? அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது சபையோரே, இந்தச் சிரட்டையைப் பாருங்கள். ஓரத்தில் ஆணிக்குத் துளை போட்டிருக்கிறது. இதை நான் கடையில் வாங்கவில்லை. இன்று மாலை பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டு வந்தேன். ஆம்! ரஹ்மா டீச்சருக்கென்று நாம் தொங்கவிட்ட அதே சிரட்டை! ஹாஜியார், துப்பாதீர்கள், துப்பாதீர்கள்! சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் கொண்டுவந்தேன். 'தண்ணீர் இனிக்கிறது' என்று நீங்கள்தானே தலையசைத்தீர்கள்? இழுக்கிறதா ஹாஜியார்? மக்கீன் முதலாளி, மூச்சு விட்டுப் பாருங்கள், இழுக்கிறதா? நான் வந்ததிலிருந்து இதில்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன், என் வாய் ஓய்ந்ததா?

திரைக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் குரல் கேட்கிறது. என்ன மகள்? உரக்கச் சொல்லுங்க. "வாப்பா, கை தூக்காதீங்க! டீச்சர் போனா நான் யாருட்ட ஓதிப் படிக்கிற?" யார் அது? மக்கீன் முதலாளியின் மகள் றமீலா! முதலாளி, பதிலை என்னிடம் சொல்லவேண்டாம், மகளிடம் சொல்லுங்கள்.

தலைவர் அவர்களே, தீர்மானத்தைச் சபைக்கு விடுங்கள். நீக்கவேண்டும் என்பவர்கள் கை தூக்கட்டும். முன்வரிசை? இல்லை. பின்வரிசை? இல்லை. முதலாளி? கையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு கையும் எழவில்லை! டீச்சர், நாளைக் காலையில் பள்ளிக்கூட மணியை நீங்களே அடியுங்கள். மூச்சு வாங்கினால் நின்று அடியுங்கள். பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

கைதட்டல் போதும். இறங்குமுன் ஒரே ஒரு கேள்வி. டீச்சருக்குச் சிரட்டை கொடுக்க ஒரு டாக்டராவது வந்தார், ஒரு பூதக்கண்ணாடியாவது வந்தது. இந்தக் கடைத்தெருவின் தேநீர்க் கடைகளிலெல்லாம் சுவரில் சிரட்டைகள் தொங்குகின்றனவே, நமக்குக் கிளாஸிலும் இருளப்பனுக்குச் சிரட்டையிலும் தேத்தண்ணீர் ஊற்றுகிறோமே, அது எந்தக் கிருமிக்காக? அந்தச் சிரட்டைகளைத் தொங்கவிடச் சொன்ன டாக்டர் யார்? இருளப்பனுக்கு இழுப்பு வருவதற்கு முன்பே, அவர் அப்பனுக்கும் அதே சிரட்டைதானே?

ஏன், சிரிப்பு நின்றுவிட்டது?

இருளப்பன் அண்ணே, தாழ்வாரத்தில் சாரல் அடிக்கிறது. உள்ளே வாருங்கள். முன்வரிசையில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, என் கிருமிக்குப் பயந்து காலி செய்தார்கள். முதலாளி கடையிலிருந்து ஒரு தேத்தண்ணீர் வரட்டும், கிளாஸில் வரட்டும். இந்தச் சிரட்டையையும் சுவரில் தொங்குகிற மற்றவற்றையும் அடுப்பில் போடுங்கள். சிரட்டை நன்றாக எரியும்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், திரைக்குள் சிரித்த தாய்மார்க்கும், என்னோடு ஒரே சிரட்டையில் தண்ணீர் குடித்த தலைவர் அவர்களுக்கும் முதலாளி அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இழுக்கிற மூச்சுக்கும் இழுக்காத மூச்சுக்கும் இறைவன் சுகம் தருவானாக. வஸ்ஸலாம், வணக்கம்.